காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாத தமிழர் இலர். பழம் தானே முதிர்ந்து, காம்பு தளர்ந்து, விழும் வேளைக்குக் காத்திருக்கிறது. அவ்வேளையில் எங்கிருந்தோ பறந்து வந்த காக்கை மரத்தின்மேல் அமர்கிறது, பழம் விழுகிறது. கீழே நின்று பார்த்தவர்களோ காக்கைதான் பழத்தை வீழ்த்தியது என்று சாதிக்கின்றனர். காம்பின் தளர்ச்சி எவர் கண்ணுக்கும் படுவதில்லை. காக்கையோ எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. கண்ணுக்குப் பட்டது குற்றவாளி ஆகிவிடுகிறது.

புதியதாக வந்த எதன்மீதும் பழி சுமத்துவது மனித இயல்பு. மருமகள் வந்த மாதத்தில் பசு கறவை வற்றினால் மருமகளின் ராசி. புதிய அதிகாரி பொறுப்பேற்ற வாரத்தில் கோப்பு ஒன்று காணாமற் போனால் அதிகாரியின் ராசி. இவ்வழக்கம் பாமரர்க்கே உரியது என்று எண்ணிவிடலாகாது. மின்னணு யுகத்திலும், படித்தவர் நடுவிலும், காக்கைகள் அமர்ந்துகொண்டும் பழங்கள் விழுந்துகொண்டும்தான் இருக்கின்றன. எங்கள் இல்லத்து மடிக்கணினி ஒன்று 2025ஆம் ஆண்டுக் கோடையில் கொதித்த வரலாறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிறிய பொருள்தான், ஆயினும் அது எங்களுக்குக் கற்பித்த பாடம் சிறிதன்று.

அக்கணினி எங்கள் இல்லத்துக்கு வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். மத்திய அரசுப் பணியாளர்களாகிய நம்மில் பலருக்கு எல்.டி.சி. எனப்படும் விடுமுறைப் பயணச் சலுகையே ஊரையும் உறவையும் காணும் வாயில். 2020ஆம் ஆண்டு, கொரோனாவால் நாடே வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பயணம் செய்ய இயலாதவர்கள் அச்சலுகைக்கு ஈடாகப் பொருள் வாங்கிக் கொள்ளலாம். அப்பொருள் 12 விழுக்காடோ அதற்கு மேலோ சரக்கு சேவை வரி உடையதாக இருத்தல் வேண்டும். பணத்தை மின்னணு முறையில் செலுத்துதல் வேண்டும். 2021 மார்ச் 31க்குள் வாங்கி முடித்தல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். மடிக்கணினிக்கு வரி 18 விழுக்காடு. பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ கணினித் திரைக்குள் புகுந்துவிட்டிருந்தது. ஆகவே தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறி மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூருக்குச் செல்ல வேண்டிய பணம், மடிக்கணினியாக உருமாறித் தில்லியிலேயே எங்கள் மேசைமேல் அமர்ந்தது. போக வேண்டிய பயணத்துக்குப் பதிலாக வந்த பொருள் அது என்பதை எங்களால் இன்றளவும் மறக்க இயலவில்லை.

போகாத பயணத்தை அக்கணினி ஒருவாறு ஈடுசெய்யவும் செய்தது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் அப்பாயி என்றழைக்கும் எங்கள் அன்னையார், ஊரில் தம் கைக்கணினித் திரையில் தோன்றுவார். முதல் அரைமணி நேரம் ஊர் நடப்பு: ஆற்றில் தண்ணீர் வந்ததா, எவர் வீட்டில் விசேஷம், எந்தத் தென்னையில் வண்டு விழுந்தது என்பன. அடுத்த அரைமணி நேரம் தமிழ் வகுப்பு. எட்டு வயதுள்ள எங்கள் மகன் பாடநூலை இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு உரக்கப் படிப்பான். எட்டாம் வகுப்பு வரை படித்த அன்னையார் அங்கிருந்தபடியே திருத்துவார். இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை அறிமுகம் செய்த பள்ளிக்கூடம் அந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரமே. கைப்பேசியில் அது நடவாதோ எனில், நடவாது. ஒரு கையில் பேசியும் மறு கையில் புத்தகமுமாகப் பிள்ளை தடுமாற, அப்பாயிக்குத் தெரிவது அவன் நெற்றியும் கூரை மின்விசிறியும் மட்டுமே.

இனிக் காக்கை அமர்ந்த கதைக்கு வருவோம். கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆட்சி செய்யும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். எங்கள் கணினியில் இருந்தது விண்டோஸ் 10. 2015இல் வெளிவந்த அத்தளத்துக்கு 2025 அக்டோபர் 14உடன் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. திருத்தம் பெறாத தளம் பூட்டில்லாத கதவு போன்றது. வங்கிக் கணக்கும் வருமானவரிக் கணக்கும் பார்க்கும் கணினியில் அதனை நீட்டிப்பது அறிவுடைமை ஆகாது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியும், குறைந்தது 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். எங்கள் கணினிக்கு அத்தகுதிகள் யாவும் இருந்தன. எனவே 2025 ஏப்ரல் இறுதியில், பிள்ளைகளின் தேர்வுகள் முடிந்தபின், கோப்புகளையெல்லாம் தனி வட்டில் படியெடுத்து வைத்துவிட்டுப் புதிய தளத்தை ஏற்றினோம்.

அன்று தொடங்கியது தொல்லை. விசிறி ஓயாது இரைந்தது. விசைப்பலகையின் மேற்பகுதி தோசைக்கல் போலச் சுட்டது. ஞாயிறு காலை, அன்னையாருடன் பேசத் தொடங்கி அரைமணி நேரம் கடந்ததும் திரை இருண்டது. கணினி தானே அணைந்துபோயிற்று. அடுத்த ஞாயிறும் அவ்வாறே. அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே.

கணினி பழுதானால் அறிவுரைக்குப் பஞ்சம் ஏது? மேல்தளத்து நண்பர் வைரஸ் புகுந்துவிட்டது என்றார். எதிர்வீட்டு அம்மையார் பனிக்கட்டிப் பொட்டலத்தை அடியில் வைக்கச் சொன்னார். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும், அது மின்சுற்றுக்கு நஞ்சு என்பதை விளக்கி அவரைத் தடுத்தோம். தில்லியின் பெரிய கணினிச் சந்தையான நேரு பிளேசில் ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்து பார்க்காமலேயே தீர்ப்பு வழங்கினார்: "எல்லாம் புதிய தளத்தின் கோளாறு. ஐந்தாண்டுக் கணினி இதைத் தாங்காது. பழையதையே ஏற்றித் தருகிறேன், 1500 ரூபாய் கொடுங்கள். இல்லாவிட்டால் புதிய கணினி வாங்கிக் கொள்ளுங்கள்." மகள் கல்லூரியில் சேரவிருந்த ஆண்டு அது. ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கும் புதிய கணினி, எங்களைப் போன்றோர்க்கு எளிதில் எடுக்கத்தக்க முடிவன்று.

இத்தீர்ப்புகளையெல்லாம் கேட்டுச் சிரித்துவிடலாம். சிரிக்க இயலாத தீர்ப்பு ஒன்று ஊரிலிருந்து வந்தது. மூன்றாம் ஞாயிறு திரை இருண்டபின் அன்னையார் கைப்பேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. அதனினும் கொடிய தயக்கம் இருந்தது. "ஏன் தம்பி, பிள்ளைக்குப் படிக்கப் பிடிக்கவில்லையென்றால் சொல்லிவிடலாமே. அவன் புத்தகத்தை எடுத்தாலே இப்படி விளக்கை அணைத்தாற்போல் அணைத்துவிட வேண்டுமா?" என்றார். எண்ணிப் பார்த்தால் அவர் கண்டது உண்மையே. பேச்சு முடிந்து பாடம் தொடங்கிய சில நிமிடங்களில்தான் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்தது. நடந்ததை அவர் சரியாகவே கண்டார். காரணத்தை மட்டும் தவறாக எண்ணிக்கொண்டார்.

அன்று மாலை பையன் தன் அக்காவிடம் கேட்ட கேள்வி அதனினும் எங்களை வருத்திற்று. "நான் ழகரத்தைத் தப்பாகச் சொல்வதால்தான் அது அணைந்துபோகிறதா அக்கா?" என்றான். குழந்தையும் ஒரு காக்கையைக் கண்டுபிடித்துவிட்டான், அக்காக்கை அவனேதான். இதற்குப் பிறகு இதனை வெறும் இயந்திரப் பழுது என்று தள்ளிவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பழுதின் காரணத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினாலன்றி, ஊரில் ஒரு முதிய உள்ளமும் இங்கே ஒரு பிஞ்சு உள்ளமும் வீண் குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டே இருக்கும் அன்றோ?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நாம் அனைவரும் பள்ளியில் பயின்றிருக்கிறோம். நோய் இன்னது என அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின்னரே மருத்துவம் செய்தல் என வள்ளுவர் அங்கே ஒரு வரிசை வகுத்துத் தந்துள்ளார். உடலுக்குச் சொன்ன அம்முறை கணினிக்கும் பொருந்தும் என்பதை எங்கள் மகள்தான் முதலில் செயலில் காட்டினாள்.

நான்காம் ஞாயிறு அவள் ஒரு சோதனை செய்தாள். "இன்றைக்குப் பாடத்தை முதலில் வைத்துக்கொள்வோம், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம்" என்றாள். அவ்வாறே செய்தோம். பையன் பாடம் முழுவதையும், ழகரத்தில் மும்முறை இடறியபடி, படித்து முடித்தான், கணினி அசையவில்லை. பின்னர் ஊர்ப்பேச்சு தொடங்கியது. அன்னையார் பக்கத்து வீட்டுத் திருமணத்தை வருணித்துக்கொண்டிருந்தபோது, அரைமணி நேரம் கடந்ததும், திரை இருண்டது. பையன் துள்ளிக் குதித்தான். கணினி அணைந்ததற்காக எங்கள் வீட்டில் எவரேனும் மகிழ்ந்தது அன்று ஒரு நாள்தான். காரணம் பாடம் அன்று, காலம் என்பது விளங்கிவிட்டது. அரைமணி நேர வேலையில் உள்ளே வெப்பம் ஏறுகிறது. ஏறிய வெப்பம் வெளியேறவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி தானே அணைகிறது.

இனி, வெப்பம் ஏறக் காரணம் யாது? முதல் ஐயம் புதிய தளத்தின்மீதே எழுந்தது. அதனையே முதலில் விசாரித்தோம். இடமாற்றலாகிப் புதிய ஊருக்குக் குடிபோன நமக்கு ஒன்று நன்கு தெரியும். சாமான் வந்து இறங்கிய முதல் சில நாள்கள் மூட்டை பிரிப்பதும் அடுக்குவதுமாகவே வீடு இருக்கும். புதிய தளம் ஏறிய கணினியும் அப்படித்தான். கோப்புகளையெல்லாம் தேடுவதற்கு ஏற்றவாறு அட்டவணைப்படுத்துதல், வைரஸ் உண்டா என முழுதும் ஆராய்தல், விடுபட்ட திருத்தங்களை இறக்குதல் ஆகிய வேலைகளை அது நமக்குத் தெரியாமல் பின்னணியில் செய்கிறது. அதனால் ஓரிரு நாள் சூடும் இரைச்சலும் மிகுவது இயல்பு, அது பழுதன்று. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த வேலை செயலியை எத்தனை விழுக்காடு பிடித்து வைத்திருக்கிறது என்பதை அது காட்டும். நாங்கள் பார்த்தபோது அந்தப் பின்னணி வேலைகள் முடிந்து நாள்கள் பல ஆகியிருந்தன. சும்மா இருக்கும்போது செயலியின் உழைப்பு பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை. மூட்டை பிரித்தாகிவிட்டது, சூடு மட்டும் குறையவில்லை.

அடுத்து இயக்கிகளை ஆராய்ந்தோம். டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள், இயங்குதளத்துக்கும் கணினியின் உறுப்புக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் துபாஷி போன்றது. தளம் மாறும்போது சிலவேளை பழைய துபாஷி விலகி, பொதுவாகச் சில சொற்களே அறிந்த ஒருவர் அவ்விடத்தில் அமர்ந்துவிடுவார். வரைகலை உறுப்புக்கு அவ்வாறு நேர்ந்தால், படம் காட்டும் வேலையும் பொதுச் செயலியின் தலையில் விழும், சூடு மிகும். எங்கள் கணினியைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து, அதே மாதிரிக்குரிய புதிய இயக்கிகளையும் பயாஸ் திருத்தத்தையும் இறக்கி ஏற்றினோம். சற்றே பயன் கிட்டியது, நோய் தீரவில்லை.

மூன்றாவதாக மின்னாற்றல் அமைப்பு. உச்ச வேகம் என்னும் நிலையிலிருந்து சமநிலைக்கு மாற்றலாம். செயலியின் உச்ச அளவை 100இலிருந்து 99 விழுக்காடாகக் குறைத்தால், பெரும்பாலான கணினிகளில், வேண்டும்போது பாய்ந்து ஓடும் கூடுதல் வேகம் நின்றுவிடும். ஒரு விழுக்காடு குறைப்பதால் சூடு இவ்வளவு குறையுமோ என வியக்கத் தோன்றும். குறைவது அந்தப் பாய்ச்சல் நிற்பதால்தான். இதனைச் செய்தபின் கணினி முப்பது நிமிடத்துக்குப் பதில் நாற்பது நிமிடம் தாங்கிற்று. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது போல, வேதனை தணிந்தது. காரணம் அப்படியே இருந்தது.

நான்காவது சோதனைக்குக் கருவி ஏதும் வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கை ஒன்றே போதுமானதாயிற்று. செயலியின் வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்தோம். வெப்பம் 95 டிகிரியைத் தாண்டியிருந்தது. மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு 100 டிகிரி அளவே எல்லை. அதனை நெருங்கும்போது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் கணினி அணையும். அந்நிலையில், விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்கையில், காற்று வெளியேறும் பக்கத்துச் சாளரத்தில் கையை வைத்துப் பார்த்தோம். கனல்காற்று அடிக்கும் என எதிர்பார்த்த இடத்தில், நோயாளியின் மூச்சுப் போல ஒரு மெல்லிய, வெதுவெதுப்பான காற்றே வந்தது.

இங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. வேலை மிகுதியால் மட்டும் கணினி சுடுகிறது என்றால், உண்டாகும் வெப்பம் சாளரத்தின் வழியே வலுவாக வெளிவர வேண்டும். உள்ளே கொதிப்பு, விசிறியோ முழு ஓட்டம், வெளியே வெறும் வெதுவெதுப்பு எனில், வெப்பம் பிறப்பது பழுதன்று. அது போகும் வழி அடைபட்டிருப்பதே பழுது.

அவ்வழி எத்தகையது என்பதைச் சிறிது விளக்குவது பயன் தரும். செயலியின்மேல் ஒரு செப்புத்தகடு அழுந்தியிருக்கும். இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்கினால் வெப்பம் கடக்காது. ஆகவே வெப்பம் கடத்தும் பசை ஒன்றை இடையே தடவியிருப்பர். தகட்டிலிருந்து ஒரு செப்புக்குழாய் செல்லும். அதனுள்ளே காற்று நீக்கப்பட்டுச் சிறிதளவு நீர்மம் அடைக்கப்பட்டிருக்கும். சுடும் முனையில் நீர்மம் ஆவியாகும்; ஆவி மறுமுனைக்கு ஓடிக் குளிர்ந்து, வெப்பத்தை அங்கே விட்டு, மீண்டும் நீர்மமாகித் திரும்பும். அம்மறுமுனையில் சீப்பின் பற்கள் போல மெல்லிய தகடுகள் நெருங்கி நிற்கும். விசிறிக் காற்று அவற்றினூடே புகுந்து வெப்பத்தை வெளியே தள்ளும். பசை, குழாய், சீப்பு, விசிறி என்னும் நான்கில் ஒன்று தவறினும் சங்கிலி அறும்.

தில்லியில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. கோடையில் வீட்டுச் சாளரத்தில் பொருத்தும் கூலரின் பக்கவாட்டு மெத்தைகளில் புழுதியும் உப்பும் அடைத்துக்கொண்டால், விசிறி என்னதான் சுழன்றாலும் அறை குளிர்வதில்லை. கூலரைப் பழிப்பாரும் உண்டு. வெயிலைப் பழிப்பாரும் உண்டு. அறிந்தவர் மெத்தையை மாற்றுவர். வெயிலுக்கும் இதில் பங்கு இல்லாமலில்லை. கணினி தன்னைச் சூழ்ந்த காற்றைக் கொண்டுதான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அறை 27 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் உள்ளே இருக்கும் வெப்பமும் ஏறத்தாழ அந்த அளவே ஏறும். தயாரிப்பாளர் பலர் 35 டிகிரி வரையுள்ள இடத்திலேயே கணினியைப் பயன்படுத்தச் சொல்கின்றனர். தில்லியின் மே மாதம் அவ்வறிவுரையைக் கேட்டு நடப்பதில்லை.

எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள சிறு சந்தையில், கணினி பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் உண்டு. அவரிடம் எடுத்துச் சென்று, உள்ளங்கைச் சோதனையைச் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் திருப்புளியை எடுத்தார். முதலில் மின்கலத்தை நோக்கினார், அது உப்பியிருக்கவில்லை. பின் விசிறியைக் கழற்றினார். விசிறிக்கும் செப்புச் சீப்புக்கும் இடையே சாம்பல்நிறக் கம்பளித் துண்டு போன்ற ஒன்று படிந்திருந்தது. அதனைக் குறட்டால் பற்றி ஒரே துண்டாக உரித்தெடுத்து எங்கள் முன் வைத்தார். ஐந்து கோடையின் ஆந்திக் காற்றும், கட்டட வேலைகளின் தூசியும், குளிர்காலப் புகையும் விசிறி இழுத்த இழுப்பில் உள்ளே சென்று, வெளியேற வழியின்றி நெய்துகொண்ட துணி அது. வெளிப்புறத்தை எத்துணை துடைத்தாலும் கைக்கு எட்டாத இடம். செப்புத்தகட்டைத் தூக்கினார், பசை, வெற்றிலைப் பெட்டியில் மறந்துபோன சுண்ணாம்பு போல, காய்ந்து வெடித்து உதிர்ந்தது. சுரண்டித் துடைத்துப் புதிய பசை இட்டார். சீப்பின்மேல் காற்றைப் பீய்ச்சும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டார்; வெறியோட்டம் ஓடவிட்டால் அதன் அச்சு கெடும் என்றார். எல்லாம் முக்கால் மணி நேரம். கூலி 700 ரூபாய். கம்பளித் துண்டைக் குப்பையில் இடும்போது அவர் இந்தியில் சொன்னது இவ்வளவே: "இது நோய் இல்லை ஐயா, அழுக்கு."

அதே அழைப்பு, அதே அறை, அதே புதிய இயங்குதளம். வெப்பம் 75 டிகிரியைத் தாண்டவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு மணி இருபது நிமிடம் பேசினோம். பையன் இரண்டு பாடங்கள் படித்தான். இறுதியில் அன்னையார் மகிழ்ச்சியோடு கேட்டார்: "இன்றைக்கு அங்கே மழையோ? அதனால்தான் அணையாமல் இருக்கிறதா?" ஒரு காக்கையை விரட்டினால் மற்றொன்று வந்து அமர்கிறது! கம்பளித் துண்டின் கதையைப் பையனே தன் தமிழில் அவருக்கு விளக்கினான். 'புழுதி' என்னும் சொல்லில் ழகரம் பழுதின்றி வந்தது. அப்பாயி அதனைக் கவனித்தார். திருத்த ஒன்றுமில்லாததால் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார்.

அப்படியாயின், தளம் மாறிய அதே வாரத்தில் பழுது தலைகாட்டியது ஏன் என வினவலாம். இதற்கும் வள்ளுவரிடமே விடை உண்டு. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையை வலியறிதல் அதிகாரத்தில் அவர் கூறியுள்ளார். ஐந்தாண்டாக வெப்பத்தின் வழி குறுகிக்கொண்டே வந்தது. பழைய தளத்தின் வேலைக்கு அக்குறுகிய வழி மட்டுமட்டாகப் போதுமானதாக இருந்தது. புதிய தளத்தின் தொடக்க வேலைகளும், கோடையின் வெப்பமும் சேர்ந்தபோது அந்த மட்டும் கடந்தது. அச்சு முறிந்த நாளில் கடைசியாக ஏற்றிய இறகு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. முன்பே ஏற்றப்பட்டவற்றை எவரும் எண்ணுவதில்லை. கடைக்காரர் சொன்னவாறு பழைய தளத்துக்குத் திரும்பியிருந்தால் ஓராண்டு ஓடியிருக்கலாம். உள்ளே கம்பளி தடித்துக்கொண்டே போயிருக்கும். பாதுகாப்புத் திருத்தமும் நின்றிருக்கும். புதிய கணினி வாங்கியிருந்தாலோ, நல்ல நிலையிலுள்ள ஒரு பொருள் குப்பைக்குப் போயிருக்கும்.

இக்கதையை இம்மலரில் எழுதத் துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்த குடும்பங்கள் கூடும்போதெல்லாம் ஒரு பேச்சு எழுகிறது. "இந்த ஊருக்கு வந்தோம், பிள்ளைகள் தமிழை இழந்தார்கள்" என்பதே அது. ஊர் மாறியது, தமிழ் குறைந்தது, ஆகவே ஊர்தான் காரணம் என்பது அதன் வாதம். ஊருக்குப் பங்கில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வெயிலுக்குப் பங்கில்லையா என்ன? ஆயினும் பாட்டியின் பேச்சு பேரனிடம் சென்று சேரும் வழி எங்கே இருக்கிறது, அவ்வழியில் எது படிந்திருக்கிறது எனக் கையை வைத்துப் பார்ப்பது நம்மால் ஆகும் செயல். வாரம் அரைமணி நேரத்துக்கு ஒரு வழி திறந்திருந்தால், 2000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் ழகரம் வந்து சேருகிறது.

இறுதியாக, கணினி உள்ள இல்லங்களுக்குச் சில சொற்கள். தளத்தை மாற்றுமுன் கோப்புகளைத் தனியே படியெடுங்கள். மாற்றியபின் ஓரிரு நாள் சூடு மிகுந்தால் பொறுத்திருங்கள். அதன்பிறகும் தணியாவிடில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள், இயக்கிகளைப் புதுப்பியுங்கள், மெத்தைமேலும் தலையணைமேலும் கணினியை வைக்காதீர்கள், சாளரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பழைய தளத்துக்கே திரும்ப வேண்டுமெனில் பொதுவாக முதல் பத்து நாளுக்குள் மட்டுமே அதற்கு எளிய வழி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். கணினியின் அடிமூடி உப்பினாலோ, மேசைமேல் சமமாக அமராமல் ஆடினாலோ, மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். உடனே மின்னிணைப்பைத் துண்டித்து, பயன்படுத்துவதை நிறுத்தி, பழுது பார்ப்போரிடம் கொண்டு செல்லுங்கள். அதில் சோதனை வேண்டாம்.

நம் முன்னோர் ஆண்டுக்கு ஒரு நாளைக் கருவிகளுக்கென்றே ஒதுக்கினர். ஆயுதபூசையன்று அரிவாளும் அம்மியும் தையற்பொறியும் முதலில் கழுவித் துடைக்கப்படும். பொட்டு இடுவது பிறகுதான். இப்பொழுது கணினிக்கும் நாம் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். இடுவதற்கு முன் அதன் விசிறியையும் சாளரத்தையும் ஒருமுறை துப்புரவு செய்துவிட்டால் அப்பூசை முழுமை பெறும். சந்தனத்தை மட்டும் சாளரத்தில் தடவிவிட வேண்டாம். காற்று அங்கேதான் வெளியே வரவேண்டும்.